ஊருக்குள்

தீர்மான நோட்டில் நாற்பத்தேழாம் பக்கம்.
என் கையெழுத்துதான். மூன்று வருடத்து மை.
"பொட்டலம் கைமாற்றுகிறவருக்கு
ஐம்பதாயிரம் அபராதம், பத்து நாள் தொழில் மறியல்."
கை தூக்கியவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
எதிர்ப்பு: இல்லை.
சிலர் இரண்டு கையும் தூக்கினார்கள்,
ஒன்றாகத்தான் கணக்கு வைத்தேன்.

அந்த வருடம் நண்டு நன்றாகப் பட்டது.
தொண்டியிலிருந்து கம்பெனி வண்டி
விடியுமுன்னே வந்து முகப்பு விளக்கைப் போட்டு நிற்கும்.
கிலோ ஐந்நூற்று எண்பது.
ஏலக்கூடத்துக்குப் பின்னால் சவரியைக் கண்டதும் அப்போதுதான்.
அறுந்த வலை நூலைக் காதில் வைத்து
யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயது.
அவன் அம்மா இன்னாசியம்மாள்தான் முன்மொழிந்தாள்.
பேசவில்லை.
மகனின் பத்தாம் வகுப்பு போட்டோவை
இடமிருந்து வலமாக எல்லோருக்கும் காட்டிவிட்டு
உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் என்ன நடந்தது என்று
தேதி போட்டுச் சொல்ல முடியாது.
கம்பெனிக்கு நண்டு வேண்டாமாம்.
எங்கோ ஏதோ வரியாம், டிரைவர் சொன்னார்;
மறுவாரம் டிரைவரும் வரவில்லை.
டீசல் ஏறிற்று. கச்சான் நேரம் தவறி அடித்தது.
ஏழு படகு அக்கரையில் கட்டிக்கிடக்கிறது,
கோர்ட் தேதிக்கும் கறையானுக்கும் நடுவில்.
கூட்டுறவு வங்கி லாக்கரில்
ஊரின் கழுத்தெல்லாம் உறைக்குள் தூங்குகிறது,
நம்பர் ஒட்டி.

போன ஞாயிறு மறுபடி கூட்டம்.
பொருள்: பழைய தீர்மானத்தை உறுதிசெய்தல்.
ஐஸ் கம்பெனி சீனி கட்டுவா முதலில் எழுந்தார்:
"இன்னும் இறுக்கணும். ஒரு லட்சமாக்குங்க."
நியாயம்தான். அவருக்குப் பயமும் உண்டு,
போலீஸ் ஜீப் வந்தால் கடற்கரையே மூடிப்போகும்.
ஆனால் அவர் வாசலில்
கடன் சிட்டை குத்தியிருக்கும் ஆணி
எல்லோர் கண்ணிலும் இருந்தது.

யாரும் மறுக்கவில்லை.
மறுப்பது வேறு, கை தூக்காதது வேறு.
முப்பத்தொன்று எண்ணினேன்.
மற்ற கைகளைத் தேடினேன்:
ஒன்று பிள்ளை தலையில் பேன் பார்த்தது,
ஒன்று அணைந்த பீடியை உருட்டிக்கொண்டிருந்தது,
நம்புராக்கு இரண்டு கையையும்
தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்,
பரீட்சை ஹாலில் பிட்டை ஒளிக்கிற பையனைப்போல.
ஒரு நடைக்கு என்ன கிடைக்கும் என்று
யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த தொகை.

அப்போது இன்னாசியம்மாள் எழுந்தாள்.
எல்லாத் தலையும் குனிந்தது.
போட்டோ எடுப்பாள் என்றுதான் நினைத்தேன்.
"எழுத்தரே, 'ஊருக்குள்ள'ன்னு
ஒரு வார்த்தை சேத்துக்கிருங்க."
அவ்வளவுதான்.
சின்ன மகன் ஆரோன் நம்புராக்கு வள்ளத்தில் போகிறான்.
அடகு போன தோடு அவள் காதுக்குத் திரும்பியிருந்தது.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
முந்தானையை இழுத்துக் காதை மூடவில்லை.

வரியில் இடமில்லை.
நண்டுக்கால்போல் ஒரு குறி போட்டு
மேலே செருகினேன்:
ஊருக்குள் பொட்டலம் கைமாற்றுகிறவருக்கு.
இந்த முறை எண்ணவில்லை.
"ஏகமனதாக" என்று எழுதி மூடினேன்.
நம்புராக்குவிடம் எனக்கும் ஒரு கைமாற்று நிற்கிறது,
மகளின் நர்சிங் கட்டணம், பன்னிரண்டாயிரம்.
எந்த நடைக் காசு என்று கேட்கவில்லை.

ராத்திரி ஒரு எஞ்சின்
விளக்கில்லாமல் கிழக்கே போயிற்று.
சத்தத்தை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடலாம்;
பிளக் மாற்ற வேண்டிய எஞ்சின்.
படுத்தபடியே கேட்டேன், அடங்கும்வரை.

பேசாலையில் என் சின்னம்மா மகள் ரெஜினா இருக்கிறாள்.
அவளுக்கும் ஒரு பையன்.
போன கிறிஸ்துமஸுக்குப் பதினெட்டு முடிந்தது.
தன் தெருவை, தன் கோயிலை, தன் கரையை
அவளும் ஊர் என்றுதான் சொல்லுவாள்.

ஞாயிறு தவறாமல் போன் பண்ணுவாள்.
இந்த ஞாயிறும் அடித்தது.
திரையில் அவள் பெயர் மினுங்கி
அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.